கினு எழுதிய இரண்டாவது கண்

கரசவாவின் பட்டறையில் கண் எழுதுவது கினுவின் வேலை.

தலையை ஒருவர் கடைவார், உடம்பை இன்னொருவர். தேய்த்து வழுவழுப்பாக்க ஓர் ஆள், சூட்டுக்கோலால் கோடு இழைக்க ஓர் ஆள், கூந்தலுக்குக் கறுப்புப் பூச ஹிசா. இத்தனை கை மாறிக் கடைசியில்தான் பொம்மை கினுவின் மேசைக்கு வரும். பழைய பாணிக் கொகேஷி மரப்பொம்மைகளைப் போல உடம்பெல்லாம் பட்டை பட்டையாகச் சாயம் அடிப்பது கரசவாவுக்குப் பிடிக்காது. மரத்தின் ரேகையே கிமோனோவின் மடிப்பாகத் தெரிய வேண்டும் என்பார். உடம்பு மொட்டுப் போல உப்பியிருக்கும், தலை சற்றே குனிந்திருக்கும். கையும் கிடையாது, காலும் கிடையாது. அப்படி எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகு மிஞ்சுவது முகத்தில் இரண்டு கோடுகள். அந்த இரண்டு கோடுகளை வைத்துக்கொண்டுதான் அது சிரிக்க வேண்டும், வெட்கப்பட வேண்டும், யாருக்காகவாவது காத்திருக்க வேண்டும்.

கோட்டை மயிரிழை கீழே இறக்கினால் பொம்மை தூங்கிவிடும். மயிரிழை மேலே ஏற்றினால் முறைக்கும். கினு மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு ஒரே இழுப்பில் எழுதுவாள். பிறகுதான் மூச்சை விடுவாள்.

"உன்னைப் பாத்தா எனக்கு மூச்சு முட்டுதுடி" என்பாள் பக்கத்து மேசை ஹிசா. "பாத்துக்க, ஒருநாள் பொம்மை மூச்சு விடப்போவுது, நீ கட்டையா உக்காந்திருக்கப்போற."

"அப்ப என் தலைக்கும் நீயே கறுப்பு பூசிடு."

"உனக்கா? ரெண்டு டப்பா வேணும். நரை அப்படி."

கினு பிறந்த வீட்டில் கண்ணே எழுத மாட்டார்கள். அவளுடைய ஊர் தகாசாகி. அப்பாவும் அண்ணன்களும் தாருமா செய்கிறவர்கள். காகிதக்கூழில் வார்த்த உருண்டை உருவம், சிவப்புச் சாயம், முறுக்கின மீசை. கண் இருக்கும் இடத்தில் இரண்டு வெள்ளை வட்டங்களை மட்டும் விட்டுவிடுவார்கள். வாங்கிக்கொண்டு போகிறவர் மனதில் ஒன்றை வேண்டிக்கொண்டு ஒரு கண்ணை எழுதுவார். வேண்டியது நடந்தால் இரண்டாவது கண். நடக்கும்வரை அது ஒற்றைக் கண்ணோடு அலமாரியில் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருக்கும். சிறுமியாக இருந்தபோது கினு அதற்குப் புருவம் எழுதுவாள். கண்ணைத் தொட்டால் அப்பா கையில் அடிப்பார். "அது நம்ம வேலை இல்ல. அது கேக்குறவன் வேலை."

அந்தப் பழக்கம் எங்கே போகும்? கரசவா பட்டறையில் சேர்ந்த புதிதில் ஒரு கண்ணை எழுதியதுமே அவள் கை தானாக நின்றுவிடும். சாயங்காலம் கரசவா வந்து பார்த்தால் மேசை நிறைய ஒற்றைக்கண் பெண்கள்.

"என்னம்மா இது? பாதி முகத்தைப் பாதி விலைக்கா விக்கச் சொல்ற?" என்று அவர் தலையில் கை வைத்துக்கொள்ள, பட்டறையே சிரிக்கும். கினுவும் சிரிப்பாள். ஆனாலும் இரண்டாவது கண்ணை எழுதும் ஒவ்வொரு முறையும், யாரும் வேண்டிக்கொள்ளாத ஒன்றை நடந்துவிட்டதாகத் தான் எழுதிக்கொடுக்கிறோமோ என்று ஒரு நொடி தோன்றும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவளுடைய கணவன் இசோகிச்சி அதே பட்டறையில் தலை கடைந்தான். அந்தப் பக்கத்தில் அவனைப் போலக் கடைய ஆள் இல்லை. மிசுகி என்கிற வெள்ளை மரத்தை வெட்டி, பட்டை உரித்து, வெயிலிலும் காற்றிலும் மாதக்கணக்கில் நிறுத்திக் காயவைப்பார்கள். ஈரம் இருந்தால் பின்னால் வெடிக்கும், இல்லாவிட்டால் உள்ளேயிருந்து நீலக் கறை ஏறி முகத்தையே கெடுத்துவிடும். இசோகிச்சி கட்டையைக் கையில் வாங்கிக் காதோரம் வைத்து விரலால் ஒரு தட்டுத் தட்டுவான். "இது இன்னும் குடிச்சிட்டிருக்கு" என்று தூக்கிப் போடுவான். அவன் சரி என்ற கட்டை கறுத்ததே இல்லை.

அவனும் குடிப்பான். குடித்தால் அடிப்பான். அதிலும் அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒருமுறை உளியின் பிடியால் அவளுடைய இடது மணிக்கட்டை உடைத்தான். வலது கையைத் தொட மாட்டான், அது கண் எழுதுகிற கை, சம்பளம் வாங்குகிற கை. வெறி தலைக்கேறி நிற்கும்போதும் எந்தக் கை எது என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அடியைக்கூட அவள் மறந்திருப்பாள். அந்தத் தெளிவை அவளால் மறக்க முடியவில்லை.

ஹிசா மட்டும் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம சீமையில பொண்டாட்டிதான் ராஜான்னு ஊரெல்லாம் சிரிக்குது. உன் வீட்டுக்கு மட்டும் அந்தச் சேதி வரலியாடி?"

ஒலிம்பிக் போட்டிக்காக தோக்கியோவையே பெயர்த்துக் கட்டிக்கொண்டிருந்த காலம். அறுப்பு முடிந்ததும் ஆண்கள் கட்டட வேலைக்கு ரயிலேறுவார்கள், புத்தாண்டுக்குத் திரும்பி வருவார்கள். அந்த வருஷம் இசோகிச்சியும் கிளம்பினான். பட்டறையில் கிடைப்பதைப் போல இரண்டு பங்கு கிடைக்கும் என்றான். போகும் அன்று காலையில் கடைசியாக ஒரு சின்னப் பொம்மையைக் கடைந்து, முகமில்லாமல் அவள் மேசையில் வைத்துவிட்டு, "வந்து பாக்குறேன்" என்றான். பொம்மையைச் சொன்னானா, அவளைச் சொன்னானா என்று தெரியவில்லை.

அவன் போன பிறகு கினு தூரிகையை மசியில் தோய்த்தாள். பட்டறையின் கோட்டுக் கண் அன்று கைக்கு வரவில்லை. அப்பா தொட விடாத கண்தான் வந்தது. வட்டமாக, விழித்தபடி, கறுப்பாக ஒரே ஒரு கண், பொம்மையின் இடப்பக்கத்தில். மூச்சை விடும்போது உதடு அசைந்தது.

"அவன் திரும்பி வரக் கூடாது."

அவ்வளவுதான் கேட்டாள். சாக வேண்டும் என்று கேட்கவில்லை. பின்னாளில் இதைத் தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டாள், சாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தாருமா என்பது கோயிலில் மந்திரம் ஓதி வைத்த பொருள். இது வெறும் கட்டை. கட்டையிடம் கேட்டதை யார் கேட்டிருப்பார்கள்? அப்படி நினைத்துக்கொண்டே பொம்மையை வீட்டுக் கொல்லையில் காயவைத்திருந்த கட்டைகளுக்கு நடுவே ஒளித்து வைத்தாள்.

புத்தாண்டு வந்தது. மற்ற ஆண்கள் வந்தார்கள். அவன் வரவில்லை. கூடப் போனவர்களைக் கேட்டால், ஒருநாள் சாயங்காலம் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான், ஊருக்குத்தான் போகிறான் என்று நினைத்தோம் என்றார்கள். போலீஸில் சொன்னார்கள். தோக்கியோவில் அப்படிக் காணாமல் போகிறவர்கள் நிறையப் பேர் என்று பதில் வந்தது.

அவனுடைய அம்மா தோகு அழவில்லை. மறுநாள் சாயங்காலம் சமையலறை அலமாரியிலிருந்து அவனுடைய சாப்பாட்டுத் தட்டை எடுத்துத் துடைத்தாள்.

வெளியூர் போன ஆளுக்கு வீட்டில் சாப்பாடு வைப்பார்கள். அவன் உட்காரும் இடத்தில் சோறு, ஊறுகாய், மூடி போட்ட கிண்ணத்தில் மிசோ சாறு. எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தின் மூடியைத் திருப்பிப் பார்ப்பார்கள். உட்புறம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் போன ஆள் நன்றாக இருக்கிறான், வருவான். காய்ந்திருந்தால் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள்.

முதல் நாள் தோகு அரக்குப் பூசிய மூடியைத் திருப்பினாள். கறுப்பு அரக்கு முழுக்க முத்து. "இருக்கான்" என்றாள். கினு கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த சில நாட்களும் முத்துத்தான். ஒவ்வொரு நாளும் தோகு, "இருக்கான்" என்பாள். மகனுக்கு வைத்ததை வேறு யாரும் தொடக் கூடாது என்று அந்தச் சாற்றைத் தானே குடிப்பாள். பிறகு ஒருநாள் மூடி காய்ந்திருந்தது. தோகு அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூடினாள். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

கினு அன்று படுத்தபடி யோசித்தாள். சாறு கொதிக்கக் கொதிக்கத்தான் இறக்குகிறாள். அவள் சோறு போடும்போது அத்தை பானையிலிருந்து கிண்ணத்தில் மொண்டு மூடிக் கொண்டுபோய் வைக்கிறாள். கொதிக்கிற சாற்றின் மேல் மூடி காய்ந்திருக்க முடியுமா? முடியாது என்றால் அது எதைச் சொல்கிறது? அவன் வரமாட்டான் என்று சொன்னால் அவள் சந்தோஷப்பட வேண்டியவள்தானே. அந்தச் சந்தோஷம் ஏன் வரவில்லை?

மறுநாள் தட்டை எடுத்து வைக்கும்போது விரலை நீரில் நனைத்து மூடியின் உட்புறம் தெளித்து, குப்புறக் கவிழ்த்து வைத்தாள். தோகு பிடியைப் பற்றித் தூக்கி அப்படியே கிண்ணத்தை மூடினாள். சாப்பிட்டு முடித்து மூடியைத் திருப்பினாள்.

"இருக்கான்" என்றாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. கிழவிக்குச் சந்தோஷத்தில் தொண்டை அடைக்கிறது என்று கினு நினைத்துக்கொண்டாள்.

அன்று முதல் ஒவ்வொரு சாயங்காலமும் அவள் மூடியை நனைத்தாள். இரக்கமா? இருக்கலாம். மகன் செத்தான் என்ற சேதியை அத்தைக்கு மூடி சொல்ல வேண்டாம் என்றுதான் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் நனைத்த விரலைத் துடைக்கும்போது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நிம்மதி வந்தது, கொலைப்பழி ஒரு நாள் தள்ளிப்போன நிம்மதி.

பட்டறையில் அவளுடைய கண்கள் மாறத் தொடங்கின. அவளுக்கே தெரியவில்லை, ஹிசாதான் முதலில் கண்டாள்.

"ஏய் கினு, எல்லாரும் எழுதுற பொம்மை கீழ பாக்குது. உன்னுது மட்டும் ஏண்டி பின்னாடி யாரோ வர்ற மாதிரி காதைக் குடுத்துட்டு நிக்குது?"

கினு வரிசையைப் பார்த்தாள். உண்மைதான். இரண்டு கோடும் ஒரு பக்கமாக மயிரிழை வழுக்கியிருந்தன. குனிந்த தலை, தாழ்ந்த கண், ஆனால் கவனம் முழுக்க முதுகுக்குப் பின்னால். அவள் அழித்து எழுதினாள். மறுபடியும் அப்படியேதான் வந்தது.

கரசவா ஒரு பொம்மையைக் கையில் எடுத்துக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கினு திட்டு வாங்கத் தயாரானாள். "அழிக்காதே" என்றார் அவர். "இனிமே இப்படியே எழுது." அதற்கு 'காத்திருப்பு' என்று பெயர் வைத்து மயெபாஷியில் நடந்த கண்காட்சிக்கு அனுப்பினார். பரிசு கிடைத்தது. தோக்கியோ கடைகளிலிருந்து கேட்டு வந்தார்கள். காதலனுக்குக் காத்திருக்கும் பெண் என்று வாங்கிப் போனார்கள். புதுமணப் பெண்களுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். பயத்தை எழுதினால் உலகம் அதை ஏக்கம் என்று படிக்கிறது. கினுவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் முடியவில்லை.

கொல்லையில் ஒளித்து வைத்த பொம்மையை எப்போதாவது எடுத்துப் பார்ப்பாள். முதல் வருஷம் ஒன்றுமில்லை. அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு, கண் எழுதாத பக்கத்தில் புகை படிந்தது போல ஒரு நிழல். விரலால் தேய்த்தாள், போகவில்லை. உப்புத்தாளால் தேய்த்தாள், இன்னும் கொஞ்சம் தெளிவானது. உள்ளிருந்து வருகிற கறை. நீலக் கறை என்றால் என்னவென்று பட்டறையில் எல்லாருக்கும் தெரியும், கட்டை ஈரமாக இருந்தால் ஏறும். ஆனால் அது இசோகிச்சி காதோரம் தட்டிப் பார்த்துக் கடைந்த கட்டை. அவன் ஈரக்கட்டையைக் கடைந்ததே கிடையாது. கறை ஏறினாலும் உடம்பில் ஏறலாம், உச்சியில் ஏறலாம். சரியாக அந்த இடத்தில், சரியாக அந்த அளவில் எதற்கு?

வருஷத்துக்கு வருஷம் அது கறுத்தது. வேண்டியது நடந்தால்தான் இரண்டாவது கண். அப்படியானால் யார் எழுதுகிறார்கள் அதை? நடந்துவிட்டது என்று யார் சொல்கிறார்கள்? திரும்பி வரக் கூடாது என்பது எப்போது நடந்து முடியும்? பையன் பாஸானால் தெரியும், அறுவடை நன்றாக இருந்தால் தெரியும். ஒருவன் வராமலிருப்பது ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டேயிருக்கும், முடியவே முடியாது. இப்படி ஒன்றைக் கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

ஒருநாள் மத்தியானம் பூமி ஆடியது. பெரிய ஆட்டமில்லை. பட்டறையில் பொம்மைகள் அத்தனையும் விழுந்து உருண்டன. அந்த மரச் சத்தம், நூற்றுக்கணக்கான தலைகள் தரையில் மோதும் சத்தம், அடங்க நேரமானது. கினு வீட்டுக்கு ஓடினாள். கொல்லையில் அடுக்கியிருந்த கட்டைகள் சரிந்து முற்றமெல்லாம் கிடந்தன. நடுவில் தோகு நின்றுகொண்டிருந்தாள்.

விழுந்து கிடந்த கட்டைகளுக்கு மத்தியில் அந்தச் சின்னப் பொம்மை மட்டும் நேராக, வீட்டைப் பார்த்தபடி நின்றது.

தோகு அதைக் கையில் எடுத்தாள். ஒற்றைக் கண்ணைப் பார்த்தாள், மறுபக்கத்துக் கறையைப் பார்த்தாள், பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"தகாசாகிக்காரிதானே நீ" என்றாள் மெதுவாக. "அவனுக்காகவா?"

கினு தலையை ஆட்டினாள். வேறு என்ன சொல்வது? அவனுக்காகத்தானே.

"இத்தனை வருஷமா?"

மறுபடியும் தலையை ஆட்டினாள்.

தோகு பொம்மையை உள்ளே கொண்டுபோய் அவனுடைய இடத்தில், தட்டுக்குப் பின்னால் வைத்தாள். "இங்கயே இருக்கட்டும். கண்ணு முன்னாடி இருந்தா நல்லது."

அன்றிலிருந்து கினு அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு கண் அவள் எழுதியது, அவளைப் பார்த்தது. இன்னொன்று எதைப் பார்த்தது என்று தெரியாது. சோற்றை வாயில் வைத்தால் இறங்காது. தோகுவும் நிமிர மாட்டாள். மூடி திருப்பும் நேரம் வரும், முத்து இருக்கும், "இருக்கான்." இரண்டு பேரும் எழுந்து பாத்திரம் கழுவப் போவார்கள். இருவரும் பொம்மைக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நகர்ந்துதான் போனார்கள். அத்தையும் அப்படிப் போவதைக் கினு கவனித்தாள், ஏன் என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஆண்டு முடியப் போகிற நேரம். மலையிலிருந்து காய்ந்த காற்று இறங்கித் தகரத்தையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. கடைகளுக்குச் சரக்கு அனுப்ப வேண்டி இருந்ததால் கரசவா பட்டறையை வழக்கமான நேரத்துக்கு மூடவில்லை. கினு கதவைப் பார்ப்பதும் தூரிகையைத் தோய்ப்பதுமாக இருந்தாள்.

"என்னடி, வீட்டுல புருஷன் காத்திருக்கிற மாதிரி துடிக்கிற?" என்று கேட்ட ஹிசா, கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போ. மொதலாளி கேட்டா வயித்து வலின்னு சொல்றேன்."

கினு கொல்லை வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பில் சாறு கொதித்து ஆவி பறந்தது. தோகு அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மண்தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு இசோகிச்சியின் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மூடியை எடுத்து மூடினாள். திரும்பினாள்.

கினு நிற்பதைக் கண்டாள்.

"கதவைச் சாத்து" என்றாள் தோகு. "காத்து வருது."

கினு சாத்தினாள். "அத்தை, அது பச்சைத் தண்ணி."

"தெரியும். நான்தானே ஊத்தினேன்."

"எப்பலேருந்து?"

"முதல் மாசத்திலேருந்து." தோகு தட்டைக் கொண்டுபோய் அவனுடைய இடத்தில் வைத்து, அப்படியே உட்கார்ந்துகொண்டாள். "உன் மணிக்கட்டு உடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுதுடி. அடுத்த அறையிலதான் படுத்திருந்தேன். எழுந்து வரல. பெத்தவ எழுந்து வரல. அவன் போனப்புறம் ஊருக்காகத்தான் தட்டு வச்சேன். வச்சா மூடியில முத்து நிக்குது. வருவான்னு சொல்லுது. எனக்கு உடம்பெல்லாம் பதறிப்போச்சு. சூடா வச்சாத்தானே வழி தெரிஞ்சு வருவான், பச்சைத் தண்ணி வச்சா வழி தப்பட்டும்னு நினைச்சேன். பைத்தியக்காரி. ரெண்டு மூணு நாள் காஞ்சு கிடந்துது. அப்புறம்..." அவள் குரல் இறங்கியது. "அப்புறம் பச்சைத் தண்ணிக்கே மூடி வேர்க்க ஆரம்பிச்சுதுடி. ஒருநாள் தவறாம. இத்தனை வருஷமா. நான் என்ன செஞ்சாலும் அவன் வந்துட்டே இருக்கான்னு அர்த்தம். இன்னிக்கு வந்துடுவான், இன்னிக்கு வந்துடுவான்னு ஒவ்வொரு ராத்திரியும் உக்காந்திருக்கேன்."

கினு அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அத்தை. அது நான்."

"என்ன நீ?"

"மூடியை நனைச்சது நான். உங்களுக்காக. நீங்க அழக் கூடாதுன்னு."

தோகு அவளையே பார்த்தாள். பிறகு அவளுடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று கினு கையை நீட்டினாள், சிரிப்பு. பல் விழுந்த வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, அப்படி ஒரு சிரிப்பு. "அடிப்பாவி! என்னை உசிரோட கொன்னுட்டியேடி!" கினுவுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

தோகுதான் முதலில் நிறுத்தினாள். இடுப்பில் கட்டியிருந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொம்மையைக் காட்டினாள். "அப்ப அதுவும் நீதானா? அவன் வரணும்னு நீ வேண்டினது நடக்கப்போவுது, அதான் அந்தக் கண்ணு நிறையுதுன்னு இதைப் பாத்துப் பாத்துச் செத்தேன். கொஞ்சம் கொஞ்சமா நீ எழுதிட்டு வந்தியா?"

"வரணும்னு வேண்டல அத்தை." கினு பொம்மையின் பக்கம் பார்க்கவில்லை. "வரக் கூடாதுன்னுதான் வேண்டினேன்."

தோகு நீட்டிய கையை இறக்கினாள். நீண்ட மூச்சு ஒன்று விட்டாள்.

"அந்த இடது கண்ணு மட்டும்தான் நான் எழுதினது" என்றாள் கினு. "இன்னொண்ணை நான் தொட்டதே இல்ல."

இருவரும் பொம்மையைப் பார்த்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கண்ணும் ஒரே அளவாகத் தெரிந்தன. எது மசி, எது கறை என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. கறையின் ஓரத்தில் மட்டும், ஒரு பக்கம், நகக்கீற்று அளவு வெள்ளை மிச்சம் இருந்தது.

"கினு" என்றாள் தோகு. "இன்னிக்கு நீ நேரங்கழிச்சு வந்தே."

"ஆமா."

"மூடியை நான்தான் அலமாரியிலேருந்து எடுத்தேன். துடைச்சுத்தான் வச்சேன்."

யாரும் கையை நீட்டவில்லை. கடைசியில் கினுதான் பிடியைப் பற்றித் தூக்கித் திருப்பினாள்.

கறுப்பு அரக்கு முழுக்க முத்து. கனத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு துளி உருண்டு அவள் விரலில் விழுந்தது. சில்லென்றிருந்தது. அடுப்பு பக்கத்தில்தானே, ஆவி படிந்திருக்கும், என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

அப்போதுதான் காற்று நின்றது தெரிந்தது. அந்த மாதத்தில் அங்கே காற்று நிற்பதில்லை. தகரச் சத்தம் இல்லை, மல்பெரித் தோட்டத்துச் சத்தம் இல்லை. அந்த அமைதியில் வாசற்படலின் தாழ்ப்பாள் ஒருமுறை, மெதுவாக, தூக்கி விடப்பட்டது போல ஒலித்தது.

கினுவுக்குத் தான் எழுதிய அத்தனை பொம்மைகளும் நினைவுக்கு வந்தன. குனிந்த தலை, தாழ்ந்த கண், முதுகுக்குப் பின்னால் வைத்த காது. அவள் இப்போது அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். எதிரே தோகுவும்.

"எழுது" என்றாள் தோகு, உதடு மட்டும் அசைய.

"இன்னும் நடந்து முடியலியே அத்தை. முடிஞ்சாத்தானே எழுதணும்."

"இன்னிக்கு வரைக்கும் வரல. அது போதும். கிடைச்சாச்சுன்னு சொல்லி எழுது. அந்தக் கண்ணு தானா நிறைஞ்சா அவன் உள்ள வந்துடுவான், அதுக்கு முன்னாடி உன் கையால முடி."

"நாளைக்கு வந்தா?"

"நாளைக்கு வந்தா நாளைக்கு எழுது! இப்ப எழுதுடி!"

மசிக்கட்டியை உரைக்க நேரமில்லை. தூரிகையை எச்சிலில் நனைத்து, உரைகல்லில் காய்ந்திருந்த பழைய மசியில் புரட்டினாள். வெளியே முற்றத்துச் சரளைக்கல் ஒன்று நகர்ந்தது. கினு பொம்மையை இடது கையில், சரியாகக் கூடாத அந்த மணிக்கட்டால் இறுக்கிப் பிடித்து, மூச்சை நிறுத்தினாள். கறையின் மேல், கறையைச் சுற்றி, மிச்சமிருந்த வெள்ளையையும் சேர்த்து, ஒரே இழுப்பில் வட்டம் போட்டாள்.

"வரல" என்றாள். "இந்த வருஷமும் வரல. கேட்டது கிடைச்சாச்சு."

மூச்சை விட்டாள். காற்று திரும்ப வந்து தகரத்தில் மோதியது. இருவரும் விடியும்வரை எழுந்து போய் வாசலைப் பார்க்கவில்லை. காலையில் படலின் தாழ்ப்பாள் திறந்திருந்தது. காற்றாக இருக்கலாம். இரவு முழுக்க அடித்ததே.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவனுக்குத் தட்டு வைக்கவில்லை. ஊரில் கேட்டவர்களிடம், "எனக்கு வயசாயிடுச்சு, யாருக்குத்தான் பொங்கறது" என்று தோகு சொல்லிவிட்டாள். அவள் இறக்கும்வரை இருவரும் ஒரே அறையில்தான் படுத்தார்கள். நடுவில் கதவு வேண்டாம் என்று தோகுவே சொன்னாள்.

வேண்டியது நடந்த தாருமாவை ஆண்டு முடிவில் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்து எரித்துவிடுவார்கள். கினு பொம்மையைத் துணியில் சுற்றிக் கோயில்வரை போனாள். கொடுக்குமுன் தூசி துடைத்தபோது துணியில் கறுப்பு ஒட்டியது. அந்தக் காய்ந்த காற்றில் ஈரத்துணியே நொடியில் உலர்ந்துவிடும். அவள் எழுதி நாளாகியிருந்தும் அந்தக் கண்ணின் மசி உலரவில்லை. துடைத்த இடத்தில், உள்ளே, கறை இருந்தது, ஓரத்தில் நகக்கீற்று அளவு வெள்ளையோடு, எழுதுவதற்கு முன் இருந்தது போலவே. அவள் திரும்பி நடந்து வீட்டுக்கு வந்தாள்.

கரசவா பட்டறை இப்போது பெரிய கட்டடம். கண் எழுத மட்டும் ஒரு தனி அறை. வெளிநாட்டுக் கடைகளுக்கெல்லாம் 'காத்திருப்பு' போகிறது. கினு எழுதியது என்று அடியில் அவள் முத்திரை இருக்கும். "உன் பொம்மை ஒண்ணு எங்க வீட்டுக் கூடத்துல இருக்கு" என்று ஹிசா இன்றும் கேலி செய்வாள். "அதை வச்சதிலேருந்து எங்க வீட்டுல யாரும் கதவைத் தட்டாம உள்ள வர்றதில்லடி. பயமா இருக்காம்."

ஒவ்வோர் ஆண்டு முடிவிலும், வீடு கழுவித் துடைத்த பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே கினு அந்தச் சின்னப் பொம்மையை எடுக்கிறாள். துணியால் வலக்கண்ணைத் துடைக்கிறாள், மசி வருகிறது. அடியில் நகக்கீற்று அளவு வெள்ளை தெரிகிறது. சில வருஷம் அது கொஞ்சம் சிறுத்திருப்பது போலத் தோன்றும். அவள் அதை அளந்து பார்ப்பதில்லை. கை இப்போதெல்லாம் நடுங்குகிறது. மூச்சை முன்போல நிறுத்த முடிவதில்லை. தனக்குப் பிறகு யார் எழுதுவார்கள் என்ற யோசனை வரும்போது அதை ஒதுக்கிவிட்டு மசியை உரைக்கிறாள்.

"வரல" என்கிறாள். "இந்த வருஷமும் வரல."

அவன் தொடாமல் விட்டுவைத்த அந்த வலது கையால் கண்ணை மறுபடி எழுதுகிறாள்.